ஒரு முழமும் ஒரு சாணும்: மேரி ஒன்யாலியின் ஓட்டம்

கேள்வி இதுதான்: "நைஜீரியாவின் மேரி ஒன்யாலி ஐந்து ஒலிம்பிக்கில் ஓடியவர். ஆனால் கையில் இருப்பது இரண்டே வெண்கலம். அதிலும் ஒன்று தொடர் ஓட்டத்தில், ஜமைக்கா அணி பாதியில் நின்றதால் கிடைத்தது. அப்படியிருக்க, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வீராங்கனைகளில் ஒருவர் என்று அவரைச் சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா?"

அதிகமில்லை என்பதுதான் என் பதில். ஆனால் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த இரண்டு வெண்கலமும் எப்படி வந்தன என்று பார்த்தால் கதை மாறும். 1992ல் பார்சிலோனாவில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நைஜீரியா மூன்றாவது, பிரான்ஸ் நான்காவது. இடைவெளி 0.04 வினாடி. 1996ல் அட்லாண்டாவில் 200 மீட்டரில் ஒன்யாலி மூன்றாவது, அமெரிக்காவின் இங்கர் மில்லர் நான்காவது. இடைவெளி 0.03 வினாடி. அவர்கள் ஓடுகிற வேகத்துக்குத் தூரமாக மாற்றினால் முதலாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். இந்த ஒரு முழமும் ஒரு சாணும் கைவிட்டுப் போயிருந்தால், ஒலிம்பிக் பதக்கமே இல்லாதவர் என்றுதான் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அவருடைய ஓட்டம் என்னவோ அதே ஓட்டமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

ஒன்யாலி பிறந்தது 1968 பிப்ரவரியில், நைஜீரியாவின் பெனுவே மாநிலத்தில் உள்ள கொபோகோ என்ற ஊரில். அந்தத் தலைமுறை நைஜீரிய ஓட்டக்காரர்கள் பலரைப் போலவே அவரும் அமெரிக்கக் கல்லூரிக்குப் போனார். ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகம். அப்போது இது கிட்டத்தட்ட ஒரே வழி. படிப்பு, பயிற்சி, வாராவாரம் போட்டி என்று எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தது அங்கேதான். 1988ல் சியோலில் முதல் ஒலிம்பிக், அப்போது அவருக்கு 20 வயது. அடுத்த ஆண்டு லாகோஸில் நடந்த ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப்பில் 100, 200 இரண்டிலும் தங்கம். 1993ல் டர்பனில் மறுபடியும் இரண்டிலும் தங்கம். ஆப்பிரிக்காவுக்குள் அவரைப் பிடிக்க ஆளில்லை.

கண்டத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. அந்தப் பத்தாண்டு பெண்கள் குறுந்தூர ஓட்டத்தில் எப்படிப்பட்ட காலம் என்பது தெரியாமல் அவரை எடைபோட முடியாது. பார்சிலோனா 100 மீட்டர் இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கேய்ல் டெவர்ஸ் 10.82, ஜூலியட் கத்பர்ட் 10.83, இரினா பிரிவலோவா 10.84, க்வென் டொரன்ஸ் 10.86, மெர்லின் ஓட்டி 10.88. முதல் இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் இடையே 0.06 வினாடி. ஜமைக்காவின் பெரிய நட்சத்திரமான மெர்லின் ஓட்டியே ஐந்தாவதாக வருகிற ஓட்டம் அது! அதில் ஒன்யாலி 11.15ல் ஏழாவது. அடுத்த ஆண்டு ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் 11.05, ஐந்தாவது. 1996 அட்லாண்டாவில் 11.13, மறுபடி ஏழாவது. ஏழாவது என்றால் கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் உலகத்திலேயே எட்டுப் பேர் மட்டும் நிற்கிற கோட்டில், தொடக்கக் கட்டைக்குப் பின்னால், ஆண்டுக்கு ஆண்டு ஓர் ஆப்பிரிக்கப் பெண் நின்றுகொண்டிருந்தார் என்றால் அது அநேகமாக இவர்தான்.

இப்போது தொடர் ஓட்டம். கேள்வியில் என்னை உறுத்தியதே அந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

4x100 என்றால் நால்வர் தலா 100 மீட்டர் ஓடி, ஒரு சிறு கோலை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாற்றிக் கடைசிக் கோடு வரை கொண்டு போவது. அதைப் பழகுகிற பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஓடுவதைப் பழக ஆகிற நேரத்தை விட நிற்பதைப் பழகத்தான் அதிக நேரம் ஆகும். கோலை வாங்கப்போகிறவள் தன் லேனில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னால் அடிமேல் அடி வைத்து, பாதம் பாதமாக அளந்து போய், தரையில் ஒரு டேப்பை ஒட்டிவிட்டு வருவாள். ஓடி வருகிறவள் அந்த டேப்பைத் தொட்ட நொடியில் இவள் கிளம்ப வேண்டும். கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து குரல் வந்ததும் கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். கோல் உள்ளங்கையில் வந்து விழும் என்று நம்ப வேண்டும். அரைப் பாதம் முன்னால் டேப் ஒட்டினால் ஒரு விளைவு, பின்னால் ஒட்டினால் வேறொரு விளைவு. அன்றைய விதிப்படி கோல் கைமாற 20 மீட்டர் இடம். அதற்கு முன்னால் வேகம் பிடிக்க மட்டும் 10 மீட்டர். இப்போது இரண்டையும் சேர்த்து 30 மீட்டராக்கிவிட்டார்கள். அன்று அந்த வசதி இல்லை.

கை மாறுகிற விதத்திலும் ஒரு கணக்கு உண்டு. வளைவில் ஓடுகிற முதலாமவரும் மூன்றாமவரும் கோலை வலது கையில் பிடிப்பார்கள், அப்போதுதான் லேனின் உள்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டே கோலைக் கொடுக்க முடியும். நேர்ப்பாதையில் ஓடுகிற இரண்டாமவரும் நான்காமவரும் இடது கையில் வாங்குவார்கள். ஓட்டத்துக்கு நடுவே யாரும் கை மாற்றக் கூடாது. இப்படி மூன்று முறை, முழு வேகத்தில்.

பார்சிலோனாவில் நைஜீரியாவுக்கு ஓடியவர்கள் பியாட்ரிஸ் உடொண்டு, ஃபெய்த் இடெஹென், கிறிஸ்டி ஒபாரா-தாம்சன், கடைசியில் மேரி ஒன்யாலி. 1992 ஆகஸ்ட் 7, தகுதிச் சுற்று. அன்று அவர்கள் ஓடிய நேரம் 42.39. ஆப்பிரிக்காவில் அதுவரை எந்த அணியும் ஓடாத நேரம். மறுநாள் இறுதி. அமெரிக்கா 42.11ல் தங்கம், முன்னாள் சோவியத் நாடுகளின் ஒருங்கிணைந்த அணி 42.16ல் வெள்ளி, நைஜீரியா 42.81ல் வெண்கலம், பிரான்ஸ் 42.85. ஜமைக்கா ஓட்டத்தை முடிக்கவில்லை.

ஜமைக்கா முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கத்பர்ட்டும் ஓட்டியும் இருந்த அணி அது. சரியாக ஓடியிருந்தால் நைஜீரியாவை முந்தியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் தொடர் ஓட்டத்தின் பாதி வேலையே கோலைக் கடைசிக் கோடு வரை கொண்டு சேர்ப்பது. அதைச் செய்தவர்களுக்குத்தான் பதக்கம். இன்னொன்றும் இருக்கிறது. முந்தைய நாள் ஓடிய 42.39ஐ இறுதியில் ஓடியிருந்தால் யார் தயவும் இல்லாமல் வெள்ளிக்கு 0.23 வினாடி தூரத்தில் வந்து நின்றிருப்பார்கள். அதாவது அந்த மேடைக்கு உரிய அணிதான் அது. இறுதியில் கொஞ்சம் தடுமாறினார்கள், ஆனாலும் பிரான்ஸை விடவில்லை. ஒரு முழ தூரத்தைக் கடைசி வரை காத்துக் கொடுத்தது நான்காவதாக ஓடிய ஒன்யாலி.

அந்த ஓட்டத்தின் காட்சி கிடைத்தால் ஓடி முடித்த பிறகு வருவதையும் விடாமல் பாருங்கள். மூன்றாவதா நான்காவதா என்று வெறும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பலகையில் மூன்றாவது இடத்தில் நைஜீரியா என்று வந்ததும் நால்வரும் குதித்ததும் கட்டிப்பிடித்ததும் அழுததும் தங்கம் வென்றவர்களின் கொண்டாட்டத்தையே மறக்கடிக்கும். காரணம் இருந்தது. நைஜீரியப் பெண்கள் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அதற்கு முன் அந்த நாட்டுக்குக் கிடைத்ததெல்லாம் ஆண்களின் குத்துச்சண்டையிலும் ஆண்களின் 4x400 தொடர் ஓட்டத்திலும் வந்தவை. ஆப்பிரிக்கப் பெண்கள் எந்தத் தொடர் ஓட்டத்திலும் அதற்கு முன் ஒலிம்பிக் மேடை ஏறியதில்லை. அதே நாளில் நைஜீரிய ஆண்கள் 4x100ல் 37.98 ஓடி வெள்ளி வென்றார்கள். மேலே இருந்தது உலக சாதனை படைத்த அமெரிக்கா மட்டும்.

தொடர் ஓட்டம் எவ்வளவு ஈவிரக்கமில்லாதது என்பதற்கு அட்லாண்டாவே சாட்சி. 1996ல் சியோமா அஜுன்வா, மேரி டோம்பிரி, ஒபாரா-தாம்சன், ஒன்யாலி நால்வரும் ஓடிய நேரம் 42.56. பார்சிலோனாவில் வெண்கலம் வாங்கித் தந்த நேரத்தை விட 0.25 வினாடி வேகம். கிடைத்த இடம் ஐந்தாவது. பதக்கத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் 1992 அணி பெரிது, 1996 அணி சிறிது என்பார்கள். கடிகாரம் வேறு சொல்கிறது.

நடுவில் 1993ல் அவர் 100 மீட்டரை 10.97ல் ஓடினார். 1994 காமன்வெல்த் போட்டி கனடாவின் விக்டோரியா நகரில். 100 மீட்டரில் 11.06, தங்கம். வெள்ளி வாங்கியது அவருடைய தொடர் ஓட்டத் தோழி ஒபாரா-தாம்சன். 200ல் ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமன் 22.25ல் தங்கம், ஒன்யாலி 22.35ல் வெள்ளி. 4x100ல் நைஜீரியாவுக்குத் தங்கம். ஒரே வாரத்தில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. அவருடைய ஓட்ட வாழ்க்கையில் மிக முழுமையான வாரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த 100 மீட்டர் பட்டத்தை 1998ல் தக்கவைக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. 1995 நவம்பரில் சானி அபாச்சாவின் ராணுவ அரசு எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் அவரோடு எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. கோலாலம்பூர் போட்டிக்கு நைஜீரியா போகவில்லை. அந்த நடவடிக்கையில் தவறில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் ஓடுகிறவர்களுக்கு அது பறிபோன ஒரு பட்டம். அதே 1998ல் டக்காரில் நடந்த ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப்பில் 100 மீட்டர் தங்கம் ஒன்யாலிக்குத்தான். கால் தயாராகத்தான் இருந்தது. 1986 எடின்பரோ காமன்வெல்த் போட்டியையும் நைஜீரியா புறக்கணித்திருந்தது, தென்னாப்பிரிக்க இனவெறி அரசோடு பிரிட்டன் கொண்ட உறவைக் கண்டித்து. அப்போது இவருக்கு 18 வயது. தொடக்கத்தில் ஒன்று, உச்சத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று நாட்டின் அரசியலோடு சேர்ந்து போன போட்டிகள் எந்தப் பதக்கப் பட்டியலிலும் தெரிவதில்லை.

அட்லாண்டா 200 மீட்டருக்கு வருகிறேன். 1996 ஆகஸ்ட் 1, இரவு. அந்த இரவை உலகம் நினைவில் வைத்திருப்பது மைக்கேல் ஜான்சனுக்காக. 200 மீட்டரை 19.32ல் ஓடினார், தங்க நிறக் காலணி போட்டுக்கொண்டு. பெண்கள் பக்கம் பேச்செல்லாம் பிரான்ஸின் மரி-ஜோசே பெரெக் பற்றி. 400ல் ஏற்கெனவே தங்கம் வாங்கிவிட்டு 200க்கும் வந்திருந்தார். 22.12ல் அதையும் எடுத்துக்கொண்டார். 36 வயது ஓட்டி 22.24ல் வெள்ளி. 22.38ல் ஒன்யாலி. 22.41ல் இங்கர் மில்லர், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால். இந்த மில்லர்தான் 1999ல் இதே 200 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனவர். அவரை ஒரு சாண் பின்னால் வைத்தார் ஒன்யாலி.

பெண்கள் 200 மீட்டர் ஒலிம்பிக்கில் 1948 முதல் இருக்கிறது. அந்த ஓட்டத்தில் ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் பதக்கம் வாங்கியது அன்றுதான் முதல் முறை. அடுத்ததற்கு 25 ஆண்டு ஆனது. டோக்கியோவில் நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமா வெள்ளி வாங்கினார். 200 மீட்டர் வெண்கலம் என்றால் என்ன என்பது இலங்கை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அட்லாண்டாவுக்கு அடுத்த சிட்னி ஒலிம்பிக்கில் இதே ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க 22.28ல் மூன்றாவதாக வந்தபோது நாடே எழுந்து நின்றது. பிறகு, முதலில் வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்துக் காரணத்தால் பறிக்கப்பட்டதால் அது வெள்ளியானது. அமெரிக்காவும் ஜமைக்காவும் கிழக்கு ஜெர்மனியும் மாறிமாறி ஆண்ட ஓட்டத்தில் வெளியிலிருந்து ஒருவர் உள்ளே நுழைவது எவ்வளவு கடினம் என்று சுசந்திகாவைப் பார்த்தவர்களுக்கு ஒன்யாலியும் புரிவார்.

அட்லாண்டாவில் நைஜீரியப் பெண்கள் செய்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபலிலத் ஒகுன்கோயா 400ல் 49.10 ஓடி வெண்கலம். ஒன்யாலி 200ல் வெண்கலம். மறுநாள் சியோமா அஜுன்வா நீளம் தாண்டுதலில் 7.12 மீட்டர் தாண்டித் தங்கம், நைஜீரியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். அதற்கடுத்த நாள் 4x400ல் வெள்ளி, அமெரிக்காவிடம் 0.13 வினாடியில் போன தங்கம். ஆறு நாளில் நடந்தவை இவ்வளவும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த தகவல். அட்லாண்டா 200 மீட்டர் இறுதி முடிந்து 13 நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் நடந்த போட்டியில் ஒன்யாலி 200 மீட்டரை 22.07ல் ஓடினார். பெரெக் தங்கம் வாங்கிய நேரத்தை விட 0.05 வினாடி குறைவு. ஒலிம்பிக் இறுதி வேறு, ஜூரிக் வேறு என்பது எனக்கும் தெரியும். சுற்றுச் சுற்றாக ஓடிக் களைத்த உடம்போடு ஓடுவதும், ஒரே ஒரு ஓட்டத்துக்குப் புத்துணர்ச்சியோடு வருவதும் ஒன்றல்ல. காற்றும் தடமும் கூட மாறும். ஆகவே அட்லாண்டா தங்கம் இவருக்குரியது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தக் கோடையில் உலகின் வேகமான பெண்களோடு தோளோடு தோள் நின்றவர் இவர் என்பதற்கு அந்த 22.07 போதும். ஆப்பிரிக்க சாதனையாக அது 2018 மார்ச் வரை நின்றது. நைஜீரியாவின் பிளெஸ்ஸிங் ஒகக்பாரே 22.04 ஓடி அதை முறியடித்தபோது 21 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு சிட்னி, அப்புறம் ஏதென்ஸ். 2004ல் அவருக்கு 36 வயது. ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் நைஜீரியர் அவர்தான். குறுந்தூர ஓட்டம் தொடைத் தசைகளைத் தின்னும் விளையாட்டு. 20 வயதில் வந்து 25ல் காணாமல் போனவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். சியோலிலிருந்து ஏதென்ஸ் வரை 16 ஆண்டுகள் ஒருவர் தேசிய அணியில் இருக்கிறார் என்றால், தசை கிழிந்து தேறிவந்த மாதங்கள், விடியற்காலைப் பயிற்சிகள், தன்னைவிடப் பதினைந்து வயது சிறியவர்களோடு தகுதிப் போட்டி, எல்லாம் அதற்குள் இருக்கும்.

நைஜீரியப் பெண்களின் 4x100 கதை அவரோடு நிற்கவும் இல்லை. 2008 பெய்ஜிங்கில் அவர்கள் 43.04ல் மூன்றாவதாக வந்தார்கள். முதலில் வந்த ரஷ்யா பின்னாளில் ஊக்கமருந்துக் காரணத்தால் நீக்கப்பட்டதால் அந்த வெண்கலம் வெள்ளியானது. அங்கேயும் ஜமைக்கா கோலைக் கொண்டு சேர்க்கவில்லை. பார்சிலோனாவை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குபவர்கள் பெய்ஜிங்கையும் கொஞ்சம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தவறவிடும்போது பொறுக்கிக்கொள்கிற தூரத்தில் இருக்க, முதலில் இறுதிக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த 42.39 என்ன ஆனது என்று கேட்பீர்கள். பார்சிலோனா தகுதிச் சுற்றில் நால்வரும் ஓடிய அந்த நேரம் ஆப்பிரிக்க சாதனையாக முப்பது ஆண்டுகள் அப்படியே இருந்தது. 2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில், உலகப் போட்டியின் இறுதியில், டோபி அமுசான், ஃபேவர் ஓஃபிலி, ரோஸ்மேரி சுக்வுமா, கிரேஸ் நவொகோச்சா ஆகிய நால்வர் 42.22 ஓடி அதை முறியடித்தார்கள். இடம் நான்காவது. ஒன்யாலி கோலை இடது கையில் வாங்கிக்கொண்டு 42.39ல் கோட்டைத் தாண்டிய அந்த ஆகஸ்ட் நாளில், இந்த நால்வரில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை.